மலிவு எது? நலிவு எது?

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து மூன்றாம் நாள். எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் இளந்தாய் ஈரத்துணி ஒன்றைக் கையில் ஏந்தியவளாய் என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள். எட்டு வயது மகளுக்கென வாங்கிய விழாக்கால கவுன் அது. வெள்ளைத் துணியில் சிவப்புக் கரை வைத்துத் தைத்தது. நள்ளிரவுத் திருப்பலியில் அந்தச் சிறுமி அதை அணிந்து நின்ற அழகை நானும் கண்டிருந்தேன். ஒரே ஒருமுறைதான் நனைத்தாளாம். கரையின் சிவப்பு முழுதும் வெள்ளையில் இறங்கி, உடை எங்கும் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது.

“டீச்சர், ஆயிரத்து நூறு ரூபாய் கொடுத்தேன். பத்து விழுக்காடு தள்ளுபடி என்றுதானே போனேன்? மலிவு என்று நினைத்து ஏமாந்துபோனேனே!” என்றாள். குரல் தழுதழுத்தது.

திண்டுக்கல்லை அடுத்த சிற்றூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவள் நான். கணக்குப் பாடம் நடத்திய பழக்கம் இன்னும் விடவில்லை. அவளை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துவந்தேன். அன்று நாங்கள் போட்ட கணக்கே இக்கட்டுரைக்கு வித்து.

கணக்குப் பார்த்தோம்

அந்த வீட்டில் ஐவர். கணவன், மனைவி, மகன், மகள், கணவனின் தாய். ஐவருக்கும் எடுத்த துணிகளின் விலை ரூ.8,000. தள்ளுபடி ரூ.800. ஆகவே செலுத்திய தொகை ரூ.7,200. இதில் பாதியே கையிலிருந்த பணம். மறுபாதிக்கு வாரத் தவணைக் கடன் வாங்கியிருந்தாள். நாலாயிரம் என்று எழுதிக்கொண்டு, நானூறைப் பிடித்துக்கொண்டு, மூவாயிரத்து அறுநூறைக் கையில் கொடுப்பார்கள். வாரம் நானூறாகப் பத்து வாரம் கட்ட வேண்டும்.

தள்ளுபடியால் வந்தது 800. வட்டியாய்ப் போனது 400. பாழான கவுனால் போனது 1,100. ஆக, ‘மிச்சம் பிடிக்க’ப் போன இடத்தில் ரூ.700 நட்டம். இந்தக் கணக்கில் மகனின் காற்சட்டை சேரவில்லை. அளவு சரியில்லாமல் அது பெட்டிக்குள் கிடந்தது. மாமியாருக்கு எடுத்த சேலையும் சேரவில்லை. நிறம் பிடிக்கவில்லை என்று அவர் அதைத் தொடவேயில்லை.

“தவணை முடிய எத்தனை வாரம் இருக்கிறது?” என்று கேட்டேன்.

“எட்டு வாரம்” என்றாள். தவக்காலம் தொடங்கும் நாள்வரை அந்த விழாவின் கடன் அவள் வீட்டு வாசலில் வாரந்தோறும் வந்து நிற்கப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசகச் சகோதரிகளே, சகோதரர்களே! இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னார்கள். நாமோ விழா என்றதும் அளவுகோலை மறந்துவிடுகிறோம். விலைச்சீட்டில் குறைந்த எண் இருப்பதால் ஒரு பொருள் மலிவாகிவிடாது. நமக்குத் தேவையானதாக இருந்து, நெடுநாள் உழைத்து, கடனின்றி வாங்கப்பட்டு, பிறர் வயிற்றில் அடிக்காமல் வந்ததே மலிவு. மற்றவை யாவும் நலிவு.

தள்ளுபடியின் கணிதம்

கடை வாயிலில் தொங்கும் பலகைகளை நாம் படிப்பதில்லை, பார்க்கிறோம். படித்தால் பல உண்மைகள் விளங்கும்.

‘50 விழுக்காடு வரை தள்ளுபடி’ என்ற வரியில் கவனிக்க வேண்டிய சொல் ‘வரை’. ஏதோ ஒரு மூலையில் ஒரு சில துணிகளுக்கு ஐம்பது. நாம் விரும்பி எடுப்பதற்குப் பத்தோ பதினைந்தோதான். ‘ரூ.499 முதல்’ என்பதில் ‘முதல்’ என்ற சொல்லும் இவ்வகையே.

‘50 விழுக்காடு, அதன்மேல் 20 விழுக்காடு’ என்றால் எழுபது என்று மனம் கூட்டிக்கொள்கிறது. உண்மையில் ஆயிரம் ரூபாய் முதலில் ஐந்நூறாகும். அந்த ஐந்நூறில்தான் இருபது விழுக்காடு, அதாவது நூறு ரூபாய், குறையும். விலை நானூறு. கிடைத்த தள்ளுபடி அறுபது விழுக்காடே.

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. அதுவும் மூன்றும் நமக்குத் தேவைப்பட்டால் மட்டுமே. ஒரு சட்டைக்காகப் போனவர் மூன்றோடு திரும்பினால், இலவசமாய் வந்தது ஒன்று, வீணாய் வாங்கியது ஒன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. ரூ.300க்கு ஒரு சட்டை, பத்து முறை உடுத்தியதும் வெளுத்துக் கழுத்துப்பட்டை நைந்து போகிறது. ரூ.700க்கு ஒரு சட்டை, எழுபது முறை உடுத்த முடிகிறது. முதலாவதற்கு ஒருமுறை உடுத்த முப்பது ரூபாய், இரண்டாவதற்குப் பத்து ரூபாய். எது மலிவு? அதற்காக விலை உயர்ந்ததெல்லாம் உழைக்கும் என்றும் கொள்ளக்கூடாது. பெயருக்கும் விளம்பரத்திற்கும் கொடுக்கும் விலை துணிக்குக் கொடுக்கும் விலையாகாது. ஆகவேதான் துணியைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

வரியையும் நினைவில் கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த உடையோ காலணியோ ஒன்றின் விலை ரூ.2,500 வரை இருந்தால் வரி 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. ரூ.2,500 பெறும் உடைக்கு வரி 125 ரூபாய். ரூ.2,600 ஆனால் 468 ரூபாய். நூறு ரூபாய் வேறுபாடு எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். அச்சிட்ட அதிகபட்ச விற்பனை விலை இருக்குமாயின் எல்லா வரிகளும் அதிலேயே அடங்கியவை. அதற்கு மேல் வரி என்று கேட்டால் தர வேண்டியதில்லை.

காலம் அறிந்து வாங்குதல்

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கடைக்குச் செல்பவர் கடைக்காரர் சொல்லும் விலைக்கு வாங்குவார். விழாவுக்கு நான்கு திங்கள் முன்பு செல்பவர் தாம் நினைத்த விலைக்கு வாங்குவார்.

நம் நாட்டில் ஆடித் திங்களில் இந்துக் குடும்பங்களில் திருமணங்கள் நடைபெறுவதில்லை. சூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை விற்பனை மந்தமாகும். தீபாவளிக்குப் புதுச்சரக்கு இறக்குவதற்கு முன் பழைய இருப்பை அகற்றக் கடைக்காரர்கள் விரும்புவார்கள். ஆடித் தள்ளுபடி பிறந்தது இப்படித்தான். இன்று ஆடிக்கென்றே தனியாகத் தருவித்து விற்கும் துணிகளும் உண்டாதலால், பழைய இருப்பில் கழித்ததா, ஆடிக்கென்றே வந்ததா என்று பார்த்தெடுக்க வேண்டும். ஆயினும் டிசம்பரில் உடுத்தப்போகும் நமக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாள். 2015 முதல் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிப் பல ஊர்களில் கைத்தறிக் கண்காட்சிகள் நடைபெறும். அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாளன்று கதர்க் கடைகளில் சிறப்புத் தள்ளுபடி தொடங்கும். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி அளித்து வருகிறது. மாதந்தோறும் சிறு தொகை கட்டினால் முடிவில் நிறுவனமும் ஒரு பங்கு சேர்த்துத் துணி வழங்கும் சேமிப்புத் திட்டம் அங்கே உண்டு. கடன் வாங்கி வட்டி கட்டுவதும் தவணை, முன்கூட்டிச் சேமித்துச் சலுகை பெறுவதும் தவணை. முன்னது நம்மைக் கரைக்கும், பின்னது நம்மைக் காக்கும்.

தீபாவளி முடிந்த மறுவாரமும் நல்ல காலம். விற்காமல் எஞ்சிய துணிகள் இறங்கிய விலையில் கிடைக்கும். எல்லா அளவுகளும் இரா என்பது மட்டுமே குறை.

வளரும் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் எடுத்தால் டிசம்பரில் சிறுத்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நம் அன்னையர் பாவாடையில் இரண்டு மூன்று மடிப்புத் தையல் போட்டு வைத்தார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து விட்டார்கள். தைத்த உடை வாங்கினாலும், உட்புறத்தில் தையலுக்கு வெளியே அரை அங்குலத் துணியாவது விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த ஆண்டு பிரித்துத் தைக்கலாம்.

இடம் அறிந்து வாங்குதல்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறப்பு உண்டு. உள்ளாடை, பனியன், குழந்தைகளின் பின்னலாடை என்றால் திருப்பூர்க் காதர்பேட்டை. போர்வை, துண்டு, வேட்டி, விரிப்பு என்றால் ஈரோடு. அங்கே வாரந்தோறும் திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாய்வரை ஜவுளிச் சந்தை கூடுகிறது. அன்றாட உடுப்புக்குப் பருத்திச் சுங்குடி என்றால் எங்கள் மாவட்டத்துச் சின்னாளபட்டி. மதுரையில் விளக்குத்தூண் பகுதியும் சென்னையில் ரங்கநாதன் தெருவும் சிக்கனம் நாடுவோர் காலங்காலமாய்க் கூடும் இடங்கள்.

திருப்பூரில் ஏற்றுமதி மிச்சம் என்று விற்கப்படும் ஆடைகளைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டார் கேட்டதற்கு மேல் தைத்ததால் மிஞ்சியவை ஒருவகை. காலம் தாழ்ந்ததால் ஏற்கப்படாதவை ஒருவகை. குறையுள்ளதெனத் தள்ளப்பட்டவை இன்னொரு வகை. முதலிரண்டும் நல்ல சரக்கு. மூன்றாவதில்தான் கண் வேண்டும். ஒளிக்கு நேரே பிடித்து ஊசித் துளைகள் உள்ளனவா, இரு கைகளும் ஒரே நீளமா, உடலும் கையும் ஒரே சாயலில் உள்ளனவா, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். பக்கத் தையல் முன்புறமாய்த் திரும்பியிருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். வெளிநாட்டு அளவுகள் நம் அளவுகளோடு ஒத்திரா என்பதால், அளவு எழுத்தை நம்பாமல் நாடாவால் அளந்தே வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்று. ஒரு துண்டுக்காகவும் இரண்டு பனியனுக்காகவும் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறினால், மிச்சமானதைப் பயணமும் சாப்பாடும் விழுங்கிவிடும். அன்பியத்தில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, தேவைகளை ஒரு தாளில் எழுதி, இருவரை மட்டும் அனுப்புங்கள். எங்கள் தெருவில் அவ்வாறு செய்து டசன் கணக்கில் வாங்கிப் பிரித்துக்கொண்டதில் எல்லோருக்கும் நன்மை கண்டோம்.

வெட்டுத்துணிக் கடைகளை மறவாதீர்கள். முழுத்தானில் எஞ்சிய இரண்டு மூன்று மீட்டர்த் துண்டுகள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும். சிறுமியின் கவுனுக்கும் சிறுவனின் சட்டைக்கும் அவை தாராளம். வாங்குமுன் பன்னாவைக் கேளுங்கள். 36 அங்குலப் பன்னாவில் மூன்று மீட்டர் பிடிக்கும் உடை 58 அங்குலப் பன்னாவில் இரண்டு மீட்டருக்குள் அடங்கும்.

வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் வாங்குவோரும் இன்று பலர். படத்தில் காண்பது நிறம், கையில் வருவது துணி. எனவே துணியின் வகை எழுதப்பட்டுள்ளதா, அளவு அங்குலத்தில் தரப்பட்டுள்ளதா, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்ற மூன்றையும் படித்த பின்னரே விரலை அழுத்துங்கள்.

துணியைப் படிக்கும் விதம்

அந்தக் கவுனை வாங்கும்போதே சாயத்தைச் சோதித்திருக்க முடியும். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்து, ஆழ்ந்த நிறமுள்ள பகுதியின் உட்புறத்தில் பலமாகத் தேய்த்தால் போதும். கைக்குட்டையில் நிறம் ஏறினால் சாயம் போகும். கடைக்குச் செல்லும்போது பணப்பைக்குள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் அளவு நாடாவும் இருக்கட்டும்.

பருத்தித் துணி விறைப்பாக இருந்தால் அது நெசவின் அடர்த்தியா, கஞ்சியின் ஏமாற்றா என்று அறிய, இரு விரலுக்கிடையே கசக்கிப் பாருங்கள். வெண்தூள் உதிர்ந்தால் கஞ்சி. முதல் துவைப்பிலேயே துணி வலைபோல் ஆகிவிடும். ஒளிக்கு எதிரே பிடித்தால் இழைகளின் நெருக்கமும் தெரியும். நூலின் எண் கூடக்கூட இழை மெலிதாகும். நூறாம் எண் சேலை மென்மையானதே. ஆனால் அன்றாடம் உடுத்தித் துவைப்பதற்குச் சற்றுத் தடித்த நூலே உழைக்கும்.

கைத்தறியா, விசைத்தறியா என்று ஐயம் எழுந்தால் கைத்தறி முத்திரையைப் பாருங்கள். 2006இல் நடைமுறைக்கு வந்தது அது. பட்டுக்கு 2004 முதல் பட்டு முத்திரை உண்டு. வீட்டிலே சோதிக்க விரும்பினால், ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கவனமாகக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாடை வீசி, நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணிபோல் திரளும்.

தைத்த உடையில் பொத்தான்களை இழுத்துப் பாருங்கள், இழுவைப் பல்லை இருமுறை மேலும் கீழும் ஓட்டுங்கள், தொடையிடுக்கிலும் அக்குளிலும் தையலை விரித்துப் பாருங்கள். உடை முதலில் கிழிவது அங்கேதான். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் நீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள். சுருங்குவது தைக்குமுன்பே சுருங்கட்டும்.

கழுத்துக்கும் காலுக்கும்

உடையில் மிச்சம் பிடித்ததை வளையலிலும் பையிலும் இழப்பவர் பலர். ‘ஒரு கிராம் தங்க நகை’ என்ற பெயரைக் கேட்டு அதில் ஒரு கிராம் பொன் இருப்பதாக எண்ண வேண்டாம். அதுவும் மெல்லிய பொன்முலாம் பூசிய கவரிங் நகையே. விழாவுக்கு அணிய அதில் தவறில்லை. ஆனால் திரும்ப விற்றால் பொன் விலை கிடைக்காது. வியர்வையும் வாசனைத் திரவமும் படாமல் துடைத்துப் பஞ்சில் வைத்தால் முலாம் நெடுநாள் நிற்கும். பொன் நகை என்று விலை கொடுத்தால் ஆறிலக்க அடையாள எண்ணோடு கூடிய ஹால்மார்க் முத்திரை வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது விற்பனைக்குக் கட்டாயம்.

காலணியை மாலையில் வாங்குங்கள். நடந்து நின்று சற்றே வீங்கிய பாதத்திற்குப் பொருந்துவது எப்போதும் பொருந்தும். அடித்தோல் வெறும் பசையால் ஒட்டப்பட்டதா, சுற்றிலும் தைக்கப்பட்டதா என்று பாருங்கள். பையில் கைப்பிடி இணையும் இடத்துத் தையலே அதன் உயிர்நாடி.

புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெண்ணுடை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நாள் அணிவதற்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட, அதை வெளுத்துத் தேய்த்து அடுத்த வீட்டுச் சிறுமிக்குக் கொடுப்பதில் என்ன இழிவு? அண்ணன் சட்டையைத் தம்பி உடுத்தி வளர்ந்த வீடுகள்தாமே நம் வீடுகள்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள்தாமே நாம்?

சீட்டில்லாத சரக்கு

அன்று கணக்கு முடிந்ததும், “வா, கடைக்குப் போய்க் கேட்போம். வாங்கிய பில்லை எடுத்துக்கொள்” என்றேன். அவள் கொண்டுவந்தது கடைப் பெயரில்லாத துண்டுச்சீட்டு. கூட்டல் மட்டும் போட்டிருந்தது. கடையில் ‘விற்ற துணி திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினார்கள். “இது எங்கள் கடையில் வாங்கியதென்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்றும் கேட்டுவிட்டார்கள். விடை சொல்ல எங்களிடம் சான்று இல்லை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது? குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே. பலகையில் எழுதி மாட்டுவதால் சட்டம் மாறிவிடாது. ஆனால் பில் இல்லாதவன் கையில் சட்டம் கூர்மழுங்கிய கத்தி. “பில் வேண்டாமென்றால் இன்னும் ஐம்பது ரூபாய் குறைக்கிறேன்” என்று சொல்பவரிடம் நாம் விட்டுவருவது நம் உரிமையை. முறையீடு செய்ய விரும்புவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம்.

பேரம் யாரிடம்?

இதுவரை ஏமாறாமல் இருக்கும் வழி சொன்னேன். இனி, நான் ஏமாற்றிய கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்த்திருவிழாவில், தரையில் சாக்கு விரித்து ரிப்பனும் கிளிப்பும் பாசிமணியும் விற்ற ஒரு மூதாட்டியிடம் என் பேத்திக்கு ஓர் அட்டைக் கிளிப் வாங்கினேன். ஐம்பது ரூபாய் என்றார். கால்மணி நேரம் வாதாடி நாற்பதுக்கு வாங்கினேன். பத்து ரூபாய் மிச்சம் பிடித்த பெருமையில் நடந்தேன். அன்றிரவு திரும்பும் பேருந்தில் அவரே என் அருகில் மூட்டையோடு அமர்ந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பேச்சுக் கொடுத்தேன். மதுரையில் மொத்தமாக எடுத்துவருவாராம். அந்த அட்டை ஒன்று முப்பத்தெட்டு ரூபாய் என்றார். ஐம்பதுக்கு விற்றால் பன்னிரண்டு ரூபாய் நிற்கும். அதில்தான் பேருந்துக் கட்டணமும், தரைக்குக் கொடுக்கும் வாடகையும், சாப்பாடும். அந்தப் பன்னிரண்டில் பத்தை நான் பறித்திருந்தேன்.

அதற்கு முந்திய வாரம் குளிரூட்டிய பெரிய கடையொன்றில் அச்சிட்ட விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பெரியவரிடம் மௌனம், எளியவரிடம் பேரம்! வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த எனக்கு, இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் அந்த மூதாட்டி.

பேரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருமடங்கு விலை சொல்லும் இடத்தில் பேசத்தான் வேண்டும். ஆனால் யாருடைய ஊதியத்திலிருந்து அந்தக் குறைப்பு வருகிறது என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தபின் பேச வேண்டும். ஐம்பது சேலையை விரிக்கச் சொல்லி ஒன்றும் எடுக்காமல் எழுவோர், அவற்றை மீண்டும் மடிக்கும் பெண்ணின் கால்களை நினைக்க வேண்டும். கடைப் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில், ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கிய ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் தொழிலாளர்கள் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர். மேலைநாட்டுக் கடைகளில் மலிவாக விற்கப்படும் ஆடைகளைத் தைத்தவர்கள் அவர்கள். அவர்களது திங்கள் ஊதியம் 38 யூரோ என்ற செய்தியைக் குறிப்பிட்டு, இது அடிமை வேலை என்று அந்த மே முதல் நாள் மறையுரையில் திருத்தந்தை பிரான்சிஸ் கண்டித்தார். நமக்கு விலை குறைகிறதென்றால் எங்கோ ஒருவர் அந்தக் குறைவைச் சுமக்கிறார் என்பதை மறக்கலாகாது. குறைவாக வாங்கி, நன்றாகப் பேணி, நெடுநாள் உடுத்துவது நம் பணப்பைக்கும் நல்லது, தைத்தவருக்கும் நியாயமானது.

அடுத்த டிசம்பர்

அந்த இளந்தாய்க்கு வருவோம். சனவரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, மாதம் நானூறு ரூபாய் போடத் தொடங்கினாள். நவம்பரில் ரூ.4,400 சேர்ந்தது. துணி எடுக்கும் முன் ஐவரின் பெட்டிகளையும் திறந்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பட்டியல் எழுதினாள். மாமியாரைக் கேட்டே நிறம் குறித்துக்கொண்டாள்.

ஆடியில் கணவனுக்கு வேட்டியும் சட்டையும், ரூ.1,050. அன்பியத்தார் திருப்பூர் சென்றபோது மகனுக்குக் காற்சட்டையும் சட்டையும், ரூ.650. மகளுக்கு வெட்டுத்துணியில் இரண்டரை மீட்டர் ரூ.350, ஓரப்பின்னல் ரூ.60, தையற்கூலி ரூ.250, ஆக ரூ.660. கைத்தறித் தள்ளுபடியில் தனக்கொரு பருத்திச் சேலை, ரூ.900. மாமியாருக்கு ஒரு சுங்குடி, ரூ.600. மொத்தம் ரூ.3,860. மகளுக்குச் செருப்பு ரூ.250. மீதி ரூ.290 டப்பாவிலேயே இருந்தது.

முந்திய ஆண்டு வட்டியோடு சேர்த்து ரூ.7,600 கரைந்த வீடு அது. இவ்வாண்டு கடனாக ஒரு காசும் இல்லை.

துணிகளுக்கு வெட்டுமுன் வெள்ளைக் கைக்குட்டைச் சோதனை நடத்தியது யார் தெரியுமா? அந்தச் சிறுமிதான். “டீச்சர் பாட்டி, நிறம் போகவில்லை!” என்று கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

விழா முடிந்த மூன்றாம் நாள் காலை அவர்கள் வீட்டுக் கொடியில் அந்தக் கவுன் உலர்ந்துகொண்டிருந்தது. நீலமும் வெள்ளையும் தம்தம் இடத்திலேயே இருந்தன. தவணைக்காரர் அத்தெரு வழியே சென்றார். அந்த வீட்டு வாசலில் அவர் நிற்கவில்லை.